பாடமாக்குதல்: சொல் விளக்கம்

ஒரு செய்யுளையோ வாய்ப்பாட்டையோ பாராமற் சொல்லுமளவுக்கு நினைவில் நிறுத்துவதை யாழ்ப்பாணத்தார் 'பாடமாக்குதல்' என்பர். "தேவாரத்தைப் பாடமாக்கிப்போட்டியோ?" என்று தாய் கேட்பதும், "இன்னும் பாடமில்லை" என்று பிள்ளை சொல்வதும் இங்கு அன்றாடப் பேச்சு. தமிழகத்தில் இதே செயலை மனப்பாடம் செய்தல், உருப்போடுதல் என்பர்.

பாடம் என்பது 'வாய்விட்டு ஓதுதல்' என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்த சொல். ஓதப்படுவது என்ற கருத்திலிருந்து, ஆசிரியர் சொல்லிக்கொடுக்கும் பகுதி என்றும், நூலொன்றின் சொற்கிடக்கை என்றும் அதன் பொருள் விரிந்தது. ஆறுமுக நாவலர் சிறுவருக்காக எழுதிய பாலபாடங்களின் பெயரில் முதற்பொருளும், சுவடிக்குச் சுவடி சொல் வேறுபடுவதைக் குறிக்கும் 'பாடபேதம்' என்பதில் மற்றையதும் நிற்கின்றன. யாழ்ப்பாண வழக்கோ, ஓதி ஓதி நெஞ்சில் நின்றுவிட்டதையே பாடம் என்கிறது.

பாடமாக்கும் பழக்கம் இழிவானதன்று. அச்சுநூல் பரவுமுன் திண்ணைப் பள்ளிகளில், சொற்களுக்குப் பொருள் கூறும் செய்யுள் நூலாகிய நிகண்டைப் பாடமாக்காதவன் செய்யுளுக்குப் பொருள் காண்பது அரிதாயிருந்தது. சூடாமணி நிகண்டு விருத்தப்பாவில் அமைந்ததற்கும், அதன் பதினோராந் தொகுதி சொற்களை எதுகை முறையில் அடுக்குவதற்கும் நினைவிற்கு உதவுவதே பயன்.

'மனனம்' என்னும் சொல்லின் வரலாறுதான் நம்மை வருந்தவைக்கிறது. வேதாந்த நூல்களில் சிரவணம், மனனம், நிதித்தியாசனம் என்னும் மூன்று படிகளுள் மனனம் என்பது கேட்டதைச் சிந்தித்தல். சைவ சித்தாந்தம் கேட்டல், சிந்தித்தல் என்று தமிழில் வழங்கும் வரிசையிலும் அதன் இடம் இரண்டாவதே. சிந்தித்தலைக் குறித்த சொல் இன்று சிந்தியாமல் ஒப்புவித்தலைக் குறிக்கும்படி ஆகிவிட்டது.

கற்கும் முறையை, இலக்கண நூலாகிய நன்னூலின் முகவுரையான பொதுப்பாயிரம்போலத் தெளிவாகச் சொன்ன இடம் தமிழில் அரிது. நல்லூரிற் பிறந்த நாவலரே அந்நூலுக்குக் காண்டிகையுரை செய்தமையால் யாழ்ப்பாணத்துப் பழைய மாணவர்க்கு அது நன்கு பழகியது. உலக வழக்கும் செய்யுள் வழக்கும் அறிதல், பாடத்தை மறவாது காத்தலாகிய பாடம் போற்றல், கேட்டவற்றை மீள நினைத்தல், ஆசிரியரை அடுத்து மீண்டுங் கேட்டல், உடன் கற்போருடன் பழகுதல், வினாவுதல், வினாவியவற்றுக்கு விடை கூறுதல் என அது நிரல்படச் சொல்கிறது. ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு நன்றாகக் கொண்டாலும் காற்பங்கே கைவரும் என்றும், உடன் கற்போரோடு பயில்வதால் இன்னொரு காற்பங்கும், பிறருக்குத் தானே எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்றும் அது கணக்கிடுகிறது. பாடம் போற்றல் அங்கே ஏழனுள் ஒன்று. புலமைப்பரிசில் முதல் உயர்தரம் வரை தேர்வுக்காகப் பிள்ளைகளைப் பாடமாக்கவைக்கும் நாம், பெறுமதி மிகுந்த அந்த அரைப்பங்கை அவர்களுக்குக் கொடாமல் விடுகிறோம். தாம் விளங்கிக்கொண்ட கணக்கைத் தம்பி தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைக்கு அது தானாகவே கிடைக்கிறது.

நேரிய தமிழ்ச்சொல்லும் அப்பாயிரத்திலேயே கிடைக்கிறது. செவியை வாயாகவும் நெஞ்சைக் கொள்கலமாகவும் கொண்டு 'கேட்டவை கேட்டவை விடா துளத்தமைத்து' என்று மாணவன் பாடங் கொள்ளும் முறையை அது கூறுகிறது. பொருளுணர்ந்து நினைவிற் கொள்வதற்கு 'உளத்தமைத்தல்' என்பதையே வழங்கலாம் என்பது என் கருத்து. பொருள் நோக்காது சொல்லை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பதிப்பதற்கு 'நெட்டுரு' என்ற பழகிய சொல் உண்டு. வீட்டுப் பேச்சிற் பாடமாக்குதல் அப்படியே இருக்கட்டும். பாடநூல்களும் ஆசிரியர் கைநூல்களும் எழுதுவோர், பிள்ளையிடம் இவ்விரண்டில் எதனைக் கேட்கிறோம் என்பதை உரிய சொல்லால் எழுதவேண்டும்.