ஹையாட்டஸ் ஹெர்னியா – இரைப்பைப் பிதுக்கம்

எண்டோஸ்கோப்பி அறிக்கையில் 'ஹையாட்டஸ் ஹெர்னியா' என்று இருந்தால், 'குடலிறக்கமாம்' என்று வீட்டில் சொல்லிக் கலங்குகிறோம். கலக்கத்தில் பாதி அந்தச் சொல்லால் வருவது. தொடை இடுக்கில் குடல் சரிந்து இறங்கும் நோய்க்குக் குடலிறக்கம் பொருத்தமான பெயர். இங்கே பெரும்பாலும் குடலுக்கு வேலையே இல்லை. இறங்குவதும் எதுவும் இல்லை. இரைப்பையின் மேற்பகுதி நெஞ்சுக்குள் ஏறுகிறது.

இரண்டும் இலத்தீன் சொற்கள். வாய் பிளத்தலைக் குறிக்கும் 'ஹியாரே' என்ற வினையிலிருந்து பிறந்த 'ஹையாட்டஸ்' என்றால் திறப்பு. 'ஹெர்னியா' என்றால் பிதுக்கம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைக்கு உதரவிதானம் என்று பெயர். உதரம் வயிறு, விதானம் மேற்கூரை. அந்த மேற்கூரையில் உணவுக்குழாய் நுழைந்து வரும் துளைதான் ஹையாட்டஸ். வயது, உடற்பருமன், கர்ப்பம், நாட்பட்ட இருமல், மலம் கழிக்க முக்குதல் ஆகியவற்றால் துளை தளரும்போது இரைப்பை மேலே பிதுங்குகிறது. 'உதரவிதானத் துளைப் பிதுக்கம்' துல்லியமானது. ஆனால் நோயாளியின் வாயில் நுழையாது. பேச்சுக்கும் எழுத்துக்கும் 'இரைப்பைப் பிதுக்கம்' போதும் என்பேன்.

பலருக்கு இதனால் ஒரு தொல்லையும் இருக்காது. இருந்தால், நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், குனிந்தாலோ படுத்தாலோ தொண்டைவரை எதுக்களிக்கும் புளிநீர், விழுங்கும்போது அடைப்பு, இரவு இருமல், காலையில் கரகரத்த குரல்.

இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரமாவது விடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள். தலையணைகளை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம் கூடும். இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் எதுக்களிப்பு குறையும். வயிறு முட்டச் சாப்பிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். உடல் எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது நல்ல பலன் தரும். புடவையையோ வேட்டியையோ இறுக்கிக் கட்ட வேண்டாம். இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் போன்ற மாத்திரைகளைக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும். சாப்பிட்ட பிறகு போட்டால் பயன் குறைவு. மாதக்கணக்கில் சொந்தமாக வாங்கிப் போடாமல் மருத்துவரைக் கேளுங்கள். இத்தனைக்கும் அடங்காத சிலருக்கே அறுவைச் சிகிச்சை.

எனக்குப் பெரும் கவலை, நெஞ்சு வலிக்கு நாம் சொல்லும் 'வாயுப் பிடிப்பு' என்ற சொல்லைப் பற்றித்தான். நெஞ்சு வலியோடு வியர்வை, மூச்சுத் திணறல், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். சோடா குடித்துப் பார்க்காமல் உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். தார் போன்ற கருப்பு மலம், இரத்த வாந்தி, கடும் வலியோடு குமட்டியும் வாந்தி வராத நிலை ஆகியவற்றுக்கும் அன்றே, அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.