யோகமா, யோகாவா, ஓகமா?

எங்கள் பினாங்கு குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஓர் அறிவிப்பு வந்தது. "ஓக வகுப்பு, ஞாயிறு காலை 7 மணி, கெபுன் பூங்கா." ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, "ஓக என்றால் என்ன, ஓம் வகுப்பா?" என்று ஓர் அக்கா கேட்டார், "டைப் பண்ணும்போது ய விட்டுப்போச்சு போல" என்றார் ஓர் அங்கிள், போட்டவரோ அசையவே இல்லை, அதுதான் சரியான தமிழ் என்று சாதித்தார். (கெபுன் பூங்கா என்பது தாவரவியல் தோட்டம்தான். மலாயில் கெபுன் தோட்டம், பூங்கா பூ. நம் காதுக்கு மட்டும் தோட்டம், தோட்டம் என்று இரண்டு தடவை கேட்கும்.)

சரி, சொல்லுக்கு வருவோம். யோகம் வடசொல். 'யுஜ்' என்ற வேர், பொருள் பூட்டுதல், இணைத்தல். மாட்டை வண்டியில் பூட்டுகிறோமே, அந்தப் பூட்டுதல். நுகத்தடிக்கு வடமொழியில் யுகம் என்று பெயர், ஆங்கிலத்தில் 'யோக்', எல்லாம் ஒரே குடும்பம். நம் நுகமும் அதன் உருமாற்றம்தான் என்பாரும் உண்டு, இல்லவே இல்லை என்று மல்லுக்கு நிற்பாரும் உண்டு. எது எப்படியோ, "எருதே இளைய நுகம் உணராவே" என்று புறநானூற்றிலேயே ஔவை பாடிவிட்டார், மாடு இளசு, அதற்கு நுகத்தின் பாரம் இன்னும் தெரியாது என்று. வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரிதான் ஞாபகம் வரும்.

அதே வேரிலிருந்து வந்த பிள்ளைகள் நம் வீட்டுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் தெரியுமா? உத்தியோகம், உபயோகம், பிரயோகம், யோக்கியம், எல்லாமே. பழைய மலாயில் 'தகும், பொருத்தம்' என்ற பொருளில் வரும் 'சயூகியா'வும் இந்த யோக்கியம்தான், கப்பலேறி வந்தது.

ஆனால் 'யோகம்' என்று தனியாகச் சொன்னால் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அதிர்ஷ்டம்தான். பஞ்சாங்கத்தின் ஐந்து உறுப்பில் ஒன்று யோகம், ஜாதகத்தில் கிரகங்கள் கூடி நின்றால் அது ஒரு யோகம், அங்கிருந்து நழுவி நாலு நம்பர் லாட்டரி அடித்தாலும் யோகம். கூடுதல் என்ற பழைய பொருள் அடியில் கிடக்கத்தான் செய்கிறது, யாரும் கவனிப்பதில்லை.

அப்போது உடம்பை வளைப்பதற்கு என்ன சொல்? யோகா. இந்த 'ஆ' எங்கிருந்து வந்தது? இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலிலிருந்து. மேல்நாட்டுக்குப் போன யோகம் அங்கே பெயரை மாற்றிக்கொண்டு யோகாவாகத் திரும்பி வந்தது, நாமும் வந்த விருந்தாளியை அப்படியே கூப்பிடப் பழகிவிட்டோம். மலேசியாவில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு சிக்கலும் வந்தது. 2008 நவம்பரில், இஸ்லாமிய மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தேசிய பத்வா மன்றம், வழிபாடும் மந்திரமும் கலந்த யோகா முஸ்லிம்களுக்கு ஆகாது என்றது. மந்திரம் இல்லாத உடற்பயிற்சி என்றால் செய்யலாம் என்று அப்போதைய பிரதமர் அப்துல்லா படாவி விளக்கம் சொன்னார். ஒரே சொல்லுக்குள் பயிற்சியும் வழிபாடும் சேர்ந்து கிடப்பதால்தான் இந்தப் பிரச்சினை.

நம் பழைய நூல்களில் அது சேர்ந்தேதான் இருக்கிறது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தில்தான் தொடங்குகிறது. எட்டு உறுப்பில் ஆசனம் ஒன்றே ஒன்று. நாம் அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு முழுப்பெயரையும் அதற்கே சூட்டிவிட்டோம்.

அந்த ஒன்றுகூட என்ன கொடுக்கிறது என்பதை என் இடுப்பிலிருந்தே சொல்கிறேன். அக்கரையில் பிறை என்ற ஊரில் வேலை, தினமும் பினாங்குப் பாலத்தில் நெரிசல், நாற்பத்தெட்டு வயதில் குனிந்து சாக்ஸ் போட முடியவில்லை. முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை, சும்மா காலை நேரம்தான் போயிற்று. நாலாவது மாதம் ஒரு நாள் நின்றுகொண்டே சாக்ஸ் போட்டுவிட்டேன், போட்ட பிறகுதான் உறைத்தது. இது என் ஒருவன் கதையில்லை: அமெரிக்க உள்மருத்துவர்கள் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்க வேண்டியவற்றில் யோகாவும் இருக்கிறது. வருடக்கணக்கில் செய்பவர்களுக்கு இன்னும் பெரிய லாபம் சமநிலை, ஏனென்றால் வயதானவர்களைப் படுக்கையில் போடுவது பெரும்பாலும் ஒரு சறுக்கல்தான். எங்கள் வகுப்பில் அறுபது தாண்டிய ஓர் அம்மா ஒற்றைக்காலில் மரம்போல நிற்கிறார், எதிரே குரங்கு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது, அவர் அசைவதில்லை, நான்தான் சிரித்து விழுகிறேன். மூச்சை மெதுவாக, அதிலும் வெளிவிடுவதை நீட்டி விடும்போது இதயத் துடிப்பு இறங்குகிறது. ரத்த அழுத்தம் கொஞ்சம் குறைவதும் தூக்கம் சீராவதும் தொடர்ந்து செய்தால் கிடைப்பவை. இனிப்பு நீருக்கும், அதாவது சர்க்கரை நோய்க்கும், உதவும், மருந்தோடு சேர்ந்து, மருந்துக்குப் பதிலாக அல்ல. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது, அதனால் இதை அழுத்தியே சொல்கிறேன். கண்ணில் நீரழுத்தம் இருப்பவர்கள் தலைகீழாக நிற்க வேண்டாம். அப்புறம், மெதுவான ஆசனம் வேகநடைக்கு ஈடாகாது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு கேட்கிறது, ஆகவே பசியாறப் போகுமுன் தோட்டத்தை இரண்டு சுற்று நடந்துவிடுகிறோம்.

இனி 'ஓகம்'. தொல்காப்பியத்தின்படி தமிழ்ச் சொல்லில் ய முதலில் வந்தால் அது யா மட்டும்தான். "ஆவோ டல்லது யகரம் முதலாது". யோ கிடையாது. அதனால் ய உதிர்ந்து ஓகம் ஆவது நம் நாவுக்கு இயல்புதான், யாடு ஆடானதையும் யானை ஆனையானதையும் போல. ஆனால் நன்னூல் காலத்துக்குள் யோகாரமும் முதலில் வரலாம் என்று விதியே மாறிவிட்டது. ஓகம்தான் மூலம், யோகம் அதன் திரிபு என்று தனித்தமிழ் அன்பர்கள் சிலர் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. உள்ளே இருக்கும் சொற்களுக்கு நல்ல தமிழ் உண்டு: ஆசனத்துக்கு இருக்கை, பிராணாயாமத்துக்கு வளிநிலை. வளிநிலை தொல்காப்பியத்தின் பழைய உரையிலேயே இருக்கிறது, நேற்று செய்த சொல் இல்லை. என்னைக் கேட்டால் இந்த இரண்டையும் தாராளமாகப் புழங்கலாம், தலைப்புக்குப் பழைய யோகம் என்பதே போதும்.

இதைக் குழுவில் எழுதினேன். அறிவிப்பு போட்டவர் பெருந்தன்மையாக "யோக வகுப்பு" என்று மாற்றினார். உடனே அதே அக்கா கேட்டார்: "தம்பி, ஜாதகம் கொண்டு வரணுமா?"