காதுக்கும் மெத்தைக்கும் நடுவே கொஞ்சம் காற்று

வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டைச் சந்து வீடுகளில் முன்னறை பத்தடிக்குப் பத்தடி இருந்தாலே பெரிது. அதாவது மூன்று மீட்டர். 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலியின் அலைநீளமோ ஏறத்தாழ ஏழு மீட்டர். பாட்டில் நெஞ்சை அதிரவைக்கும் அடித்தொனிகளெல்லாம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. அறைக்குள்ளேயே முழு நீளத்துக்கும் இடம் போதாத அந்த அலை, காதை மூடும் ஹெட்ஃபோனின் உள்ளங்கையளவுக் கிண்ணத்துக்குள் மட்டும் எப்படி அடங்குகிறது? இதற்கு விடை தெரிந்தால், குறைந்த விலையில் நல்ல ஹெட்ஃபோனைத் தேர்ந்தெடுக்கும் வேலை பாதி முடிந்தது.

அலை அங்கே அடங்கவே வேண்டியதில்லை. செவிப்பறைக்குத் தெரிவது காற்றழுத்தம் ஏறுவதும் இறங்குவதும் மட்டுமே. திறந்த அறையில் ஒரு ஸ்பீக்கர் 50 ஹெர்ட்ஸை எழுப்ப, ஏராளமான காற்றைத் தள்ளியாக வேண்டும். தள்ளிய காற்று பக்கவாட்டில் நழுவிப் போய்க்கொண்டே இருக்கும். சைக்கிள் பம்பின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுத்துவது போன்ற வீண் வேலை அது. வாயை விரலால் அடைத்துவிட்டு அழுத்திப் பாருங்கள், சிறு அசைவுக்கே அழுத்தம் விரலை உந்தும். காதைச் சுற்றி மெத்தை இறுகப் பொருந்தியதும் அந்தச் சிறிய காற்றறையில் நடப்பது இதுதான். அலைநீளத்தோடு ஒப்பிட்டால் அந்த அறை மிகமிகச் சிறியது. ஆகவே உள்ளே எல்லா இடத்திலும் அழுத்தம் ஒன்றாகவே ஏறி இறங்குகிறது. கிண்ணத்துக்குள் ஒலியெழுப்பும் பாகமான டிரைவரின் சவ்வு ஒரு மில்லிமீட்டரிலும் சிறு பங்கு அசைந்தாலே போதும்.

அந்த டிரைவரில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. ஒரு நிலைக்காந்தம், அதன் இடுக்கில் மெல்லிய கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய பிளாஸ்டிக் சவ்வு. பாட்டின் மின்னோட்டம் சுருளில் பாயும்போது அது முன்னும் பின்னும் ஆடுகிறது. 1937-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் (இன்றைய பேயர்டைனமிக்) கொண்டுவந்த டிடி 48 ஹெட்ஃபோன் முதல், இன்று பர்மா பஜாரில் தொங்கும் ஹெட்ஃபோன் வரை அடிப்படை இதுவே. இவ்வளவு காலம் பழகிய தொழில்நுட்பம் என்பதால் சுமாரான டிரைவரைச் செய்வதற்குச் செலவு குறைவு. டிரைவரின் விட்டம் 40 மி.மீ., 50 மி.மீ. என்று அட்டைப் பெட்டியில் பெரிதாகப் போடுவதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

வித்தியாசம் வருவது கசிவில். மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே சிறு இடைவெளி இருந்தால், மெதுவான அதிர்வுகளின்போது காற்றுக்குத் தப்பி ஓட நேரம் கிடைத்துவிடும். வேகமான அதிர்வுகளில் கிடைக்காது. அதனால் அடித்தொனி மட்டும் வற்றிப்போய், மேல்தொனி அப்படியே நிற்கும். பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதாகத் தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான். மூக்குக்கண்ணாடியின் காம்பு, காதோரம் அடர்ந்த முடி, ஜிமிக்கி என எது இடையில் புகுந்தாலும் இதே கதி. ஒரே ஹெட்ஃபோனை அண்ணன் புகழ்வதும் தங்கை திட்டுவதும் இரசனை வேறுபாடாகவே இருக்க வேண்டியதில்லை, தலை வேறுபாடாகவும் இருக்கலாம்.

ஆகவே ரிச்சி தெருவுக்கோ பாரிமுனைக்கோ போனால், போட்டுப் பார்க்க விடும் கடையில் வாங்குங்கள். நன்றாகத் தெரிந்த, அடித்தொனி கனமான ஒரு பாட்டை ஓடவிடுங்கள். பிறகு இரண்டு கிண்ணங்களையும் விரல்களால் இலேசாகக் காதோடு அழுத்துங்கள். மேளம் திடீரென்று கனத்தால், அழுத்தாதபோது காற்று கசிகிறது என்று பொருள். அந்த ஹெட்ஃபோன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்கள் தலைக்கு ஆகாது. கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு சோதிக்க வேண்டும். இன்னொன்று: காதை மூடுவது என்று விற்கப்படும் மலிவுச் சரக்கில் பல, உண்மையில் காது மடலின் மேல் உட்காருகிறவைதான். மடல் முழுவதும் மெத்தையின் ஓட்டைக்குள் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் அரை மணியில் வலி எடுக்கும்.

பெட்டியில் இருக்கும் இன்னொரு எண், '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்'. எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை அதற்கு மதிப்பில்லை. எந்தத் தொனி எவ்வளவு உரக்க வருகிறது என்பதுதான் கேள்வி. நம் செவிக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாய்; 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை அது தானாகவே பெருக்கிக் காட்டும். காது மடலும் அதற்குத் துணை செய்யும். மடலுக்கு வெகு அருகே ஒலியெழுப்பும் ஹெட்ஃபோனில் இந்த இயற்கைப் பெருக்கம் மாறிப்போவதால், அதைத் திட்டமிட்டு ஈடுகட்ட வேண்டும். ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் என்ற ஆய்வாளரின் குழுவினர் பலரைக் கேட்கவைத்து, பெரும்பாலோர்க்குப் பிடித்த தொனிச் சமநிலையை ஒரு வளைகோடாக வரைந்தார்கள். அந்த வடிவத்தை எட்டுவதற்கு விலையுயர்ந்த பொருள் கட்டாயமில்லை. 2017-இல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டபோது, தொனிச் சமநிலைக்கும் விலைக்கும் தொடர்பே தென்படவில்லை. விலை கூடினால் மெத்தையும் மூட்டும் உறுதியாக இருக்கலாம். பாட்டு கூடுதலாக இனிக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

வயருள்ளதா, புளூடூத்தா? வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கத்தான் என்றால் வயருக்கே என் ஓட்டு. பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் போகிற பணம் மெத்தைக்குப் போகட்டும். ஓம் கணக்கு, அதாவது ஹெட்ஃபோனின் மின்தடை, மட்டும் பார்க்க வேண்டும். வயர் ஹெட்ஃபோனைக் கைபேசியின் சார்ஜ் துளையில் இணைக்கும் சிறிய மாற்றி அரை வோல்ட் தருவதாகக் கொள்வோம். 32 ஓம் ஹெட்ஃபோனில் அது சுமார் 8 மில்லிவாட் ஆகும். ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தரும் வகையென்றால் 109 டெசிபல் வரை போகும், தேவைக்கு மேலேயே. அதே உணர்திறனுள்ள 250 ஓம் ஹெட்ஃபோனுக்குக் கிடைப்பது ஒரு மில்லிவாட்தான். உச்சம் 100 டெசிபல் என்றாலும், பாட்டின் சராசரி ஒலி அதற்கு வெகு கீழே இருப்பதால் பழைய ஒலிப்பதிவுகள் மெலிந்து கேட்கும். ஸ்டுடியோவுக்கென்று செய்த பெரிய ஓம் சரக்கு மலிவாகக் கிடைத்தாலும் கைபேசிக்காரர்கள் விட்டுவிடலாம். ஒரு எச்சரிக்கை: சில மலிவு மாற்றிகளுக்குள் டிஜிட்டல் பாட்டை மின்னோட்டமாக்கும் சில்லே (சிப்) இருக்காது, வெறும் வயர் மட்டும். அவை எல்லாக் கைபேசியிலும் வேலை செய்யாது.

பின்புறம் திறந்த ஹெட்ஃபோன்கள் வேறு வகை. 1968-இல் சென்ஹைசரின் எச்டி 414 தொடங்கிவைத்த பாணி. பாட்டு தலைக்குள் அடைபடாமல் வெளியே விரிந்து கேட்கும், காதும் வியர்க்காது. ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஓடும் தண்டையார்பேட்டையில், மின்விசிறியும் முழு வேகத்தில் சுற்றும் அறையில், அந்த விரிவை எங்கே போய் ரசிப்பது? தவிர ஒரே அறையில் குழந்தை தூங்கினால் பாதிப் பாட்டு அதற்கும் கேட்கும். மூடிய வகை பேச்சையும் தெருச் சத்தத்தையும் நன்றாகத் தடுக்கும், லாரியின் உறுமலைத் தடுப்பதுதான் கடினம். இரைச்சலுக்கு எதிரலை அனுப்பி அழிக்கும் மின்னணு முறை சிறப்பாக வேலை செய்வது அந்தத் தாழ்ந்த உறுமலில்தான். ஆனால் மலிவு விலையில் அதைத் தேடினால் பாட்டின் தரத்தில்தான் கைவைப்பார்கள். லாரி போகட்டும் என்று விட்டுவிடுவது உத்தமம்.

இரண்டு ஹெட்ஃபோன்களை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் மேலானதாகத் தோன்றும். ஒலி குறைந்தால் அடித்தொனி மற்றவற்றைவிட வேகமாக மங்கும் என்று பிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டினார்கள். இரவில் மெதுவாகக் கேட்பவர்கள் தொனிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் பேஸை, அதாவது அடித்தொனியை, மட்டும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம், மொத்த ஒலியை ஏற்றத் தேவையில்லை. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபலில் அது வெறும் 4 மணி நேரமாகிவிடும்.

கடைசியாக மெத்தை. கடற்காற்றின் ஈரமும் வியர்வையும் செயற்கைத் தோலை உதிர்த்துவிடும். காசிமேட்டுப் பக்கம் கறுப்புத் துகள்கள் காதில் ஒட்டாத பழைய ஹெட்ஃபோன் அரிது. துணி மெத்தை நீடிக்கும், ஆனால் அதன் வழியே காற்று கொஞ்சம் கசியும், அடித்தொனியும் அதற்கேற்பக் குறையும். மாற்று மெத்தை வாங்கும்போது விட்டம் மட்டுமல்ல, தடிமனும் பழையதற்குப் பொருந்த வேண்டும். தடிமன் மாறினால் காற்றறையின் கொள்ளளவும் மாறும், அதோடு ஒலியும் மாறும். உதிரி மெத்தை எளிதில் கிடைக்காத மாடலை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், நான் வாங்கமாட்டேன்.