வயித்த அமத்தேக்க முகத்தைப் பாக்கிறது

போன மாசம் கொழும்பில ஒரு வார்ட்ல மாமிக்குப் பக்கத்தில நிக்கேக்க ஏழெட்டு மெடிக்கல் ஸ்டூடன்ஸ் வந்து கட்டிலைச் சுத்தி நிண்டாங்க, ஒரு பெடியன் வயித்த அமத்த மாமி "ஐயோ" எண்டு கத்திட்டா, அவர் முகத்தில ஒரு அசைவும் இல்ல, பக்கத்தில நிண்ட பிள்ளைட்ட "டெண்டர்னஸ் இருக்கு", அதாவது அமத்தினா நோகுது, எண்டு மட்டும் சொன்னார். எனக்குச் சரியான கோவம்.

எம்பிபிஎஸ் படிக்கிற சித்தியின்ர மகளிட்ட சொன்னா, "முதல் கிழமை நானும் அழுதனான் அண்ணா, பிறகு பழகிட்டுது" எண்டா.

இந்தப் பழகிறதை அளந்தே பாத்திருக்காங்க. ஃபிலடெல்ஃபியாவில ஜெஃபர்சன் மெடிக்கல் காலேஜ் ஆக்கள் நோயாளியின்ர நிலையை எவ்வளவு விளங்கிக்கொள்ளுறாங்க எண்டு பாக்க 20 கேள்வி வச்சு ஒரு ஸ்கேல் செஞ்சவங்க, கூடினது 140 மார்க்ஸ். 2009ல வந்த அவங்கட ஆய்வில முதல் ரெண்டு வருஷம் பெருசா மாற்றமில்ல, மூண்டாம் வருஷத்தில மார்க்ஸ் இறங்குது. புத்தகத்தை மூடிட்டு வார்டுக்குப் போற வருஷம் அது, இங்கயும் கிளினிக்கல் அப்பொயின்ட்மென்ட் தொடங்கிறது அப்பதான். ஆனா ஒண்டு, இது பிள்ளையள் தங்களைப் பத்தித் தாங்களே போடுற மார்க்ஸ். இறக்கம் சின்னன், இதை வச்சு இவ்வளவு கத்தத் தேவையில்ல எண்டு சண்டை பிடிச்ச ஆக்களும் இருக்காங்க.

எனக்குப் பிடிச்சது தைவான்ல 2007ல செஞ்சது. அக்குபங்சர் டொக்டர்மாரையும் சாதாரண ஆக்களையும் மூளையைப் பாக்கிற ஸ்கேனருக்குள்ள படுக்க வச்சு, உடம்பில ஊசி ஏறுற வீடியோ காட்டினாங்க. சாதாரண ஆக்களுக்கு இன்சுலா, சிங்குலேட் எண்டு தனக்கு நொந்தாலும் வேலை செய்யிற இடங்கள் எழும்புது, அதாவது மற்றவன்ர ஊசி எங்கட மூளையிலயும் கொஞ்சம் குத்துது. டொக்டர்மாருக்கு அது எழும்பேல்ல, பதிலுக்கு முன்மூளையில உணர்ச்சியைக் கட்டுப்படுத்துற இடமும், மற்றவன் என்ன நினைக்கிறான் எண்டு கணக்குப் போடுற இடமும் எழும்பிச்சு. 2010ல ஈஈஜி, அதாவது மூளையின்ர மின்னலையைப் பதியிற மெஷின், வச்சுப் பாத்தா இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு செக்கன்ல பத்தில ஒரு பங்கிலயே வந்திட்டுதாம், யோசிச்சு அடக்கக்கூட அந்த நேரம் காணாது.

ஒவ்வொரு ஊசிக்கும் கை நடுங்கினா ஆர் ஊசி போடுறது, அதால இது தேவைதான். பிரச்சினை என்னெண்டா, மற்றவன்ர நோவு தனக்கும் நோகிறது வேற, அவனுக்கு என்ன பயம் எண்டு விளங்கிக்கொள்ளுறது வேற. முதலாவதைக் குறைக்கப் போய் நித்திரையில்லாத பிள்ளை ரெண்டாவதையும் சேத்து விட்டிடுது, "14ம் கட்டில் லிவர்" எண்டு கதைக்கப் பழகிடுது. தமிழ் தெரியாத பிள்ளை தமிழ் அம்மாட்ட வருத்தத்தைப் பத்திக் கேட்டு ஹிஸ்டரி எடுக்கேக்க இன்னும் மோசம், "உளையுது", "விறைக்குது" எண்டுறதை ஆரும் மொழிபெயர்க்கிறதுக்குள்ளயே ரவுண்ட் முடிஞ்சிடும்.

அந்த ரெண்டாவது, விளங்கிக்கொள்ளுறது, சும்மா அலங்காரமும் இல்ல. ஜெஃபர்சன் ஆக்கள் 2011ல 891 சீனி வருத்தக்காரரைப் பாத்ததில, அந்த ஸ்கேல்ல கூட மார்க்ஸ் எடுத்த டொக்டர்மாரின்ர ஆக்களுக்குத்தான் சீனி நல்லாக் கட்டுப்பட்டிருந்தது.

தங்கச்சிட்ட கடைசியாக் கேட்டன், வயித்த அமத்தேக்க எங்க பாப்பியள் எண்டு. "முகத்தை அண்ணா. நோகுதோ எண்டு முகம்தான் முதல்ல காட்டும், பாக்காட்டி எக்ஸாம்ல மார்க்ஸ் வெட்டுவாங்க." யோசிச்சுப் பாத்தா, அந்தப் பெடியனும் மாமியின்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவர்.