ஆதரவு விலையும் 17 சதவீத ஈரப்பதமும்

நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவித்துவிட்டால் அதற்குக் கீழே யாரும் வாங்கக் கூடாது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை; தனியார் வியாபாரி படிந்த விலைக்கு வாங்கலாம். அரசு தரும் வாக்கு இவ்வளவுதான்: இந்தத் தரத்தில் கொண்டுவந்தால் இந்த விலைக்கு எடுத்துக்கொள்வோம். அந்த வாக்கு சந்தை விலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டுமானால், வருகிற நெல்லை வருகிற நாளிலேயே வாங்கியாக வேண்டும்.

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை, குவிண்டாலுக்கு (100 கிலோ) பொது ரகம் 2,369 ரூபாய், சன்ன ரகம் 2,389 ரூபாய். தமிழக அரசின் ஊக்கத்தொகை 131, 156 சேர்ந்து அவை 2,500, 2,545 ஆயின. அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லை 40 கிலோ சிப்பமாகப் பிடிப்பதால், பொது ரகம் சிப்பத்துக்குச் சரியாக 1,000 ரூபாய்.

இந்த விலை கிடைக்க ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கல், மண், பதர், முளைத்த நெல், முதிராத நெல் ஆகியவற்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. ஆனால் டெல்டாவில் பெரும்பாலும் தகராறு ஈரப்பதத்தில்தான். குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில் மோதிக்கொள்கின்றன. அறுவடை இயந்திரத்திலிருந்து இறங்கும் நெல்லில் 20 முதல் 25 சதவீதம் வரை ஈரம் இருக்கும். அரிவாளால் அறுத்துக் கட்டாகக் காயவைத்த காலத்தில், களத்துக்கு வருமுன்பே ஒரு பகுதி ஈரம் போயிருக்கும்.

22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் உலர்பொருள் 78 கிலோ. அதை 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் (78 ÷ 0.83) 94 கிலோதான் மிஞ்சும். ஆறு கிலோ தண்ணீர் போனதில், 2,500 ரூபாய் விலைக்கு, எடைக்கணக்கில் 150 ரூபாய் குறைகிறது. ஆகவே, ஈர நெல்லை 2,350 ரூபாய்க்குக் கேட்கும் வியாபாரி விவசாயியை ஏமாற்றுகிறார் என்று உடனே சொல்லிவிட முடியாது. காயவைக்கும் கூலியும் மழைப் பயமும் சேர்த்தால் அந்த விலை விவசாயிக்கு லாபகரமாகவே இருக்கலாம். 2,000 ரூபாய்க்குக் கேட்டால் கதை வேறு. அந்த 350 ரூபாய், விவசாயியால் காத்திருக்க முடியாது என்பதற்கு வாங்கப்படும் விலை.

காத்திருப்பு எங்கே உண்டாகிறது? ஒரு நிலையம் நாளொன்றுக்கு 1,000 சிப்பம், அதாவது 40 டன் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 55 சிப்பம் விளைந்தால் அது 18 ஏக்கர் நெல். ஒரு அறுவடை இயந்திரம் நாளுக்கு எட்டு ஏக்கர் அறுக்கும். மூன்று இயந்திரங்கள் ஊருக்குள் இறங்கினாலே 1,320 சிப்பம் வரும். அன்றைக்கே 320 சிப்பம் வெளியே தங்கும். வாங்கியதை நகர்த்த பத்து டன் லாரி தினமும் நான்கு நடை வர வேண்டும். ஐந்து நாள் லாரி வராவிட்டால் 5,000 சிப்பம் அடுக்கில் நிற்கும். இடமும் சாக்கும் தீர்ந்து கொள்முதல் நின்றுபோகும். கிடங்கோ அரவை ஆலையோ நிரம்பிவிட்டாலும் இதே நிலைதான்.

வெளியே குவிந்த ஈர நெல் சும்மா இருக்காது. அது சுவாசித்துச் சூடேறும், அரிசி மஞ்சளாகும். குறுகிய கால ரகங்கள் பலவற்றில் விதை உறக்கம் (அறுத்த உடனே முளைக்காமல் இருக்கும் தன்மை) குறைவு என்பதால், நனைந்த குவியல் சில நாளில் முளைவிடும். முளைப்பு வரம்பைத் தாண்டிய நெல்லை, ஈரம் குறைந்த பிறகும் நிலையம் எடுக்காது. 2023 பிப்ரவரியில் செய்ததுபோல் ஈரப்பத வரம்பை 20 சதவீதம்வரை தளர்த்துவது உடனடி நிவாரணம். ஆனால் அந்த ஈர நெல் சீக்கிரம் அரவைக்குப் போகாவிட்டால் நஷ்டம், நெல்லை வாங்கும் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்குக்கு மாறும்.

ஆதரவு விலையில் இன்னும் 50 ரூபாய் கூட்டுவதைவிட, நிலையத்துக்கு ஒரு உலர்த்தியும் தவறாத லாரியும் விவசாயி கையில் அதிகப் பணம் சேர்க்கும் என்பதே என் கணிப்பு. உலர்த்தியிலும் அவசரம் ஆகாது. சூடு மிஞ்சினால் நெல்லுக்குள் அரிசி விரிசல் விட்டு அரவையில் குருணை கூடும். களத்தில் காயவைப்பவர்கள் நெல்லை மெல்லிய படுகையாகப் பரப்பி அரை மணிக்கொருமுறை கிளறிவிட வேண்டும். அளப்பதற்கு முன் நிழலில் ஆறவிட்டு, குவியலின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மேல் நெல்லை மட்டும் ஈரப்பதமானியில் போட்டால், காலைப் பனியில் அது கூடுதலாகக் காட்டும்.