முதலில் குண்டு, பிறகு அறை

துல்லியமாகச் சுடும் ரைஃபிளைக் கடைந்து தரும் கைவினைஞர் கேட்கும் முதல் கேள்வி, எந்தக் குண்டைச் சுடப்போகிறீர்கள் என்பதாகத்தான் இருக்க வேண்டும். பேச்சில் நாம் தோட்டாவையும் குண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். இங்கே இரண்டையும் பிரித்துக்கொள்வது அவசியம். பித்தளைக் கூடு, அதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. அவற்றில் பறப்பது குண்டு மட்டுமே. தோட்டா சென்று அமர்வதற்காகக் குழலின் பின்முனையில் குடைந்த இடமே அறை.

அறை முடிந்தவுடன் குழலின் சுருள்வரிகள் தொடங்கிவிடுவதில்லை. இடையில் வரிகளற்ற, வழவழப்பான சிறு பகுதி ஒன்று இருக்கிறது. அதைத் தொண்டை என்பார்கள். அதன் முடிவில் வரிமேடுகள் மெல்லச் சரிவாக எழும்புகின்றன. வெடிமருந்து பற்றியதும் குண்டு கூட்டின் பிடியிலிருந்து விடுபட்டு, தொண்டையைக் கடந்து, மேடுகளில் பொருந்தி, அவற்றின் தடத்தைத் தன் செப்புத் தோலில் வாங்கிக்கொண்டு சுழலத் தொடங்குகிறது. இந்தச் சிறு தூரத்தில் அது இம்மியளவு சாய்ந்து நுழைந்துவிட்டால், அந்தச் சாய்வுடனேயே குழல் முழுவதையும் கடக்கும். முன்னால் இருப்பது எவ்வளவு நேர்த்தியான குழலாக இருந்தாலும் அதை நிமிர்த்திவிடாது.

சாய்ந்த குண்டின் நிறைமையம் குழலின் நடு அச்சை விட்டு விலகிவிடுகிறது. 6.5 கிரீட்மூர் என்ற தோட்டாவைச் சுடும் ரைஃபிளில் பொதுவாக 203 மி.மீ.க்கு ஒரு சுற்று என்ற கணக்கில் வரிகள் இருக்கும். நொடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் வெளியேறும் குண்டு, நொடிக்கு 4,000 முறைக்கு மேல் சுழன்றுகொண்டிருக்கும். விலகிய நிறைமையம் குழலுக்குள் திருகுபோல் சுற்றி வந்து, வாயைத் தாண்டிய கணத்தில், கவணிலிருந்து விடுபட்ட கல்லைப்போலப் பக்கவாட்டில் எறியப்படுகிறது. விலகல் வெறும் 0.01 மி.மீ. என்று வைத்துக் கணக்கிட்டாலும், 100 மீட்டரில் குண்டு ஏறத்தாழ 3 செ.மீ. தள்ளிப் படும். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக, ஒரே அளவு தள்ளினால் குறிபார்க்கும் கருவியைத் திருத்திச் சமாளித்துவிடலாம். சாய்வின் பக்கமும் அளவும் தோட்டாவுக்குத் தோட்டா மாறுவதால்தான் குண்டுகள் சிதறுகின்றன.

ஆகவே தொண்டை குண்டை ஒட்டிப் பிடிக்க வேண்டும். 1952இல் வந்த .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவின் வரையறைப்படி, தொண்டையின் விட்டம் குண்டைவிடச் சுமார் 0.05 மி.மீ. பெரியது. பல நிறுவனங்களின் குண்டுகளும், கொஞ்சம் தூசியும்கூட, தடையின்றி உள்ளே போக வேண்டும் என்றால் அந்தத் தளர்வு நியாயமானதே. 2007இல் அமெரிக்காவின் ஹார்னடி நிறுவனம் வெளியிட்ட 6.5 கிரீட்மூரில் அந்த இடைவெளி சுமார் 0.013 மி.மீ. மட்டுமே. நீண்டு மெலிந்த மூக்குள்ள குண்டுகளை மனத்தில் வைத்து உருவாக்கிய தோட்டா அது. .260 ரெமிங்டன் என்ற தோட்டாவில் அத்தகைய குண்டுகளை, ரைஃபிளில் தோட்டாக்களை அடுக்கும் பெட்டியின் நீளத்துக்குள் அடக்க, கூட்டுக்குள் ஆழமாகத் தள்ள வேண்டியிருந்தது. அவை வெடிமருந்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. கிரீட்மூரின் கூடு அதைவிடச் சுமார் 3 மி.மீ. குட்டை என்பதால், குண்டு போதிய அளவு வெளியே நிற்க முடிகிறது. குண்டுக்காகக் கூடும் அறையும் வளைந்துகொடுத்த இந்த முறையையே நான் சரியான வரிசை என்பேன்.

தனக்கென்று குழல் செய்துகொண்டு, தோட்டாவையும் தானே தயாரித்துக்கொள்பவர் இன்னும் ஒரு படி மேலே போகலாம். தான் தேர்ந்த குண்டை, மருந்தும் பிரைமரும் இல்லாத மாதிரித் தோட்டாவில் விரும்பிய ஆழத்தில் செருகி, அறையைக் குடையும் ரீமரைச் செய்பவருக்கு அனுப்பிவைக்கிறார். அந்த மாதிரியை அளந்தே தொண்டையின் நீளம் தீர்மானமாகிறது. குழல் தயாரானபின் சரிபார்க்க, மாதிரித் தோட்டாவின் குண்டில் மார்க்கர் மையைப் பூசி அறைக்குள் செலுத்தி எடுப்பார்கள். குண்டு மேடுகளைத் தொட்டிருந்தால், மை பூசிய வளைவில் சம இடைவெளியில் மெல்லிய கீறல்கள் பளிச்சென்று தெரியும். அளவையும் குண்டின் நுனியிலிருந்து எடுப்பதில்லை. நுனிகள் ஒன்றுக்கொன்று வேறுபடும் என்பதால், மேடுகளைத் தொடும் அந்த வளைவிலிருந்தே அளக்கிறார்கள்.

தொட்டுக்கொண்டிருப்பதே எப்போதும் சிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. குண்டு மேடுகளில் அழுந்தி நின்றால் அறையின் உச்ச அழுத்தம் உயரும். இடைவெளிவிட்டுச் சுட்டுப் பார்த்த மருந்தின் அளவை அப்படியே வைத்துக்கொள்வது ஆபத்து. தவிர, சில குண்டுகள் சிறிது பாய்ந்து நுழைவதைப் பொறுத்துக்கொள்ளும். கூர்ந்து மெலிந்த மூக்குள்ளவை பெரும்பாலும் இதில் மிகவும் கண்டிப்பானவை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் இந்த வழி தலைகீழாகிறது. அங்கே 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ.; சுடுவதோ ஆலையிலிருந்து முழுமையாக வரும் .22 தோட்டா. அதைப் பிரித்துக் குண்டின் ஆழத்தை மாற்றுவதற்கு வழியில்லை. ஆகவே வீரர்கள் தங்கள் ரைஃபிளைச் சோதனைக் கூடத்துக்கு எடுத்துச் சென்று, பிடியில் இறுக்கி, ஆலையின் தயாரிப்புத் தொகுதிகளை ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்து, தங்கள் அறைக்கு இசைந்த தொகுதியை மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்கள்.

வேகமான ரைஃபிளில் கிடைத்த பொருத்தமும் நிலைத்திருப்பதில்லை. ஒவ்வொரு சுடுதலிலும் கொதிவாயு தொண்டையின் எஃகை அரித்து, மேடுகளின் தொடக்கத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. சில நூறு குண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி அளந்து, குண்டைச் சிறிது வெளியே இழுத்துச் செருகுகிறார்கள். கூட்டின் வாய்க்குப் பிடிக்க இடமில்லாமல் போகும்போது, குழலை வெட்டி அறையைப் புதிதாகக் குடைய வேண்டும்.