முகாமுக்குள் நுழைந்ததும் கேட்க வேண்டியது

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி ஆறு கரை மீறியது. நான் அப்போது மருத்துவம் முடித்த புதிது. தாராவியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களைப் பார்க்கப் போனோம். காய்ச்சல் மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், கட்டுத்துணி எல்லாம் எங்கள் பையில் இருந்தன. சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசி மட்டும் இல்லை.

திருநெல்வேலிப் பக்கத்து அம்மா ஒருவர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு வேகமாக வாங்கியது. "ரெண்டு நாளா ஊசி போடல டாக்டரம்மா. சாப்பாடே கிடைக்கல, ஊசி எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார். நாங்கள் கேட்கும் வரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்ததால் பிழைத்தார்.

அன்றிலிருந்து எந்த முகாமுக்குப் போனாலும் முதலில் "யாருக்கு சுகர் இருக்கு? ஊசியா, மாத்திரையா?" என்றுதான் கேட்கிறேன். முக்கியமாக, டைப் 1 சுகர், அதாவது உடலில் இன்சுலின் அநேகமாகச் சுரக்காத வகை, உள்ளவர்கள் சாப்பாடு குறைந்தாலும் இன்சுலினை நிறுத்தக் கூடாது. அளவை மருத்துவர் குறைக்கலாம். ஆனால் அடியோடு விட்டால் ரத்தத்தில் அமிலம் ஏறி ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். மாத்திரைக்காரர்களுக்குக் கதை வேறு. கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சுகர் தடாலென்று இறங்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் போன்றவற்றைத் தொடரலாமா என்று உடனே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

நிவாரணப் பொருள் கொண்டு வரும் நண்பர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டு. நம் நாட்டில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனா வடிவ ஊசிக்குள் போடும் சிறு மருந்துக் குப்பியான கார்ட்ரிட்ஜில் 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. ஒரு முகாமில் நன்கொடையாக வந்த கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் மருந்தை எடுத்துவிட்டார்கள். 20 யூனிட் என்று நினைத்துப் போட்டது உண்மையில் 50 யூனிட். அந்த அண்ணாச்சி வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறிப் போனார். விழுங்கும் நிலையில் இருந்ததால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தோம், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்தோம், மறுபடி கொடுத்தோம். இரவு முழுவதும் பக்கத்திலேயே உட்கார வேண்டியதாயிற்று. மருந்தும் அதற்கான சிரிஞ்சும் ஜோடியாக வராவிட்டால், வராமலே இருப்பது நல்லது.

இன்னொரு தவறு, கரண்ட் இல்லை என்று இன்சுலினை நேராக ஐஸ் கட்டியில் புதைப்பது. உறைந்துபோன இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பிரித்து உபயோகத்தில் இருக்கும் பாட்டில், வெயிலும் சூடும் படாமல் இருந்தால் பொதுவாக நாலு வாரம் தாங்கும். ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் ஒரு பாலித்தீன் பையில் கட்டி வைத்தாலே போதும்.

அப்புறம் கால். சுகரால் உணர்ச்சி மரத்த காலில் தகரம் கிழித்தாலும் தெரியாது. முகாமில் எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி, விரல் இடுக்கு உட்பட நானே பார்க்கிறேன். சாக்கடை கலந்த தண்ணீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. 2005 வெள்ளத்துக்குப் பிறகு இந்த ஊரே அதைப் பார்த்தது. அதனால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டித் தடுப்பு மாத்திரை வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன்.

முகாமில் வருவதெல்லாம் பிஸ்கெட், வாழைப்பழம், வடாபாவ். அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை, பசியில் இருப்பவரிடம் பத்தியம் பேச முடியாது. கூடவே வேர்க்கடலையும் சுண்டலும் கொண்டு வாருங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

என்னிடம் வரும் தாராவிக் குடும்பங்களுக்கு ஜூன் பிறக்கும் முன்பே ஒரு வேலை கொடுக்கிறேன்: மருந்துச் சீட்டைப் போனில் படம் எடுத்து, ஊரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வைப்பது. இரண்டு வார மருந்து, சிரிஞ்சு, ஒரு பொட்டலம் சர்க்கரை, எல்லாவற்றையும் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, வெயிலும் சூடும் படாத உயரமான இடத்தில் வைப்பது. போன மழைக்கு ஒரு பாட்டி அந்த டப்பாவை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு முகாமுக்கு வந்தார்.